ஆளை அடிக்க வர்ற சேவலை என்ன பண்றது, அடுத்து சாதுவான சேவலை எப்படிப் பார்த்து எடுக்கிறது: முழுமையான வழிகாட்டி

சேவல் ஆளை அடிக்க ஆரம்பிச்சிட்டா வீட்டுக்குள்ள ரெண்டு கட்சி ஆயிடும். ஒரு கட்சி "இன்னிக்கே அறுத்துப் போட்டுடு"ன்னு நிக்கும், இன்னொரு கட்சி "பாவம் சின்னப்பய, போகப்போக சரியாயிடும்"னு நிக்கும். ரெண்டுலயும் பாதி நியாயம் இருக்கு. சில சேவல் நல்லாவே திருந்தும், சிலது கடைசி வரைக்கும் திருந்தாது, எது எந்த வகைன்னு தெரியணும்னா சில வாரம் ஒழுங்கா வேலை பாக்கணும், அந்த வேலைக்கு முன்னாடியே ஒரு கெடு வச்சுக்கணும், கெடு தாண்டிப்போனா தயங்காம முடிவெடுக்கணும். அடுத்த சேவல் எடுக்கிறப்போ இனத்தோட பேரைக் கேட்டுட்டு வாங்கிட்டு வராம அதோட அப்பன் எப்படின்னு பாக்கணும். கீழ இருக்கிறதெல்லாம் இந்த ரெண்டு விஷயத்தோட விரிவுதான்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. முட்டை மட்டும்தான் வேணும்னா சேவலே தேவையில்ல, பெட்டை சேவல் இல்லாமலே முட்டை போடும், அந்த முட்டையில குஞ்சு பொரிக்காது அவ்ளோதான். குஞ்சு எடுக்கணும், இல்ல திறந்தவெளியில மேயுற கூட்டத்துக்குக் காவல் வேணும், இந்த ரெண்டுல ஒண்ணு இருந்தா மட்டும் மேல படிங்க. இல்லன்னா அந்தச் சேவலை வேற இடத்துக்கு அனுப்பிட்டு நிம்மதியா இருக்கலாம், யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க.

படி 1: என்ன மாதிரி கோவம்னு மொதல்ல கண்டுபிடிங்க

4 மாசத்துல இருந்து 6 மாசத்துக்குள்ள இளம் சேவலுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறும். கொண்டை நல்லா சிவக்கும், கூவ ஆரம்பிக்கும், பெட்டைய மிதிக்கத் துரத்தும், அதுவரைக்கும் மடியில ஏறி உக்காந்து கையில தீனி தின்னுட்டிருந்தது ஒருநாள் திடீர்னு காலுக்கு மேல பாயும். பல பேரு சேவலுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு நினைக்கிறது இந்த நேரத்துலதான். அது வாலிப வயசு, அந்த வேகம் ஒரு வருஷம் ஒன்றரை வருஷத்துல கொஞ்சம் அடங்கும். பகல் நேரம் நீளமாகுற மாசங்கள்ல எல்லா சேவலுக்குமே முறுக்கு கூடும், ஏன்னா வெளிச்ச நேரம் கூடக்கூட இனப்பெருக்க ஹார்மோனும் கூடும்.

கோழிக்கூட்டத்துல யாரு யாரைக் கொத்தலாம்னு ஒரு வரிசை இருக்குன்னு 1920கள் தொடக்கத்துலயே நார்வேக்காரர் தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பெ எழுதி வச்சாரு, சின்னப்பையனா இருந்தப்பவே கோழிகளைப் பார்த்து நோட்டுல குறிச்ச மனுஷன். கைக்குள்ளயே வளர்ந்த சேவல் உங்களையும் அந்த வரிசையில ஒரு ஆளாதான் வச்சிருக்கு. வயசு வந்ததும் வரிசையில மேல ஏறப் பாக்குது, வழியில நீங்க நிக்கிறீங்க.

ஆனா எல்லா அடியும் இந்த மாதிரி இல்ல. பெட்டைய நீங்க கையில தூக்குனப்போ அது கத்துச்சு, சேவல் பாஞ்சுச்சுன்னா அது காவல் வேலை, அதுக்காகத்தானே சேவல் வச்சிருக்கோம். மூலையில மாட்டிக்கிட்டு வழியில்லாம பாஞ்சா அது பயம். இத்தனை நாள் நல்லா இருந்த ரெண்டு மூணு வயசு சேவல் திடீர்னு மாறிப்போனா உடம்புல ஏதோ வலின்னு சந்தேகப்படுங்க. ராத்திரி டார்ச் அடிச்சு இறக்கைக்குக் கீழயும் பின்பக்கமும் பேன், செள்ளு இருக்கான்னு பாருங்க, கூட்டுல கோழி ராத்திரி ஏறி உக்கார்ற கட்டையோட இடுக்குலயும் பாருங்க, ரத்தம் குடிக்கிற செள்ளு பகல்ல கட்டை இடுக்குல ஒளிஞ்சிருந்து ராத்திரிதான் ஏறும். கால் செதில் தூக்கிட்டு நிக்குதா, பாதத்துக்கு அடியில கட்டியா வீங்கி கருப்பு பொறுக்கு இருக்கான்னும் பாருங்க. வலியில இருக்கிற சேவலுக்கு ட்ரெயினிங் குடுத்து ஒண்ணும் ஆகாது, மருந்துதான் குடுக்கணும்.

அடிக்கிறதுக்கு முன்னாடி சேவல் சொல்லிட்டுதான் அடிக்கும், நாமதான் கவனிக்கிறதில்ல. கண்ணு ரெண்டும் தலையோட பக்கவாட்டுல இருக்கிறதால தலைய லேசா சாய்ச்சு ஒத்தக் கண்ணால உங்களையே பாக்கும். ஒரு பக்க இறக்கைய கீழ இறக்கி தரைய உரசிக்கிட்டு பக்கவாட்டுல நடை போடும், பெட்டைகிட்ட போடுற அதே ஆட்டம்தான். தரையில ஒண்ணுமே இல்லாத இடத்துல கொத்துற மாதிரி கொத்திக்கிட்டே கிட்ட வரும். கழுத்து இறகு குடை மாதிரி விரிஞ்சா அடுத்த செகண்டு பாய்ச்சல். சில சேவல் இது எதுவும் காட்டாம நீங்க முதுகைத் திருப்புற வரைக்கும் காத்திருந்து பின்னங்கால்ல அடிக்கும், என் கணக்குல இதுதான் மோசமான வகை, திருந்துறதும் கம்மி.

படி 2: ஆளுங்களைக் காப்பாத்துங்க, மத்ததெல்லாம் அப்புறம்

சின்னப் பசங்க இருக்கிற வீடுன்னா இன்னிக்கே சேவலைத் தனிக் கூண்டுல போடுங்க. பெரியவங்களுக்கு முழங்காலுக்குக் கீழ விழுற அடி ரெண்டு வயசுக் குழந்தைக்கு முகத்துலயும் கண்ணுலயும் விழும், அதுல பேச்சுக்கே இடமில்ல. வயசானவங்க, சர்க்கரை இருக்கிறவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களும் உள்ள போகக்கூடாது.

நீங்க உள்ள போறப்போ கெட்டித் துணி பேன்ட், முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். முட்டை எடுக்கக் குனியுற இடமா இருந்தா ஒரு கண்ணாடியும் போட்டுக்கங்க, சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். அடி பட்டா வெளிய சின்ன ஓட்டையாத்தான் தெரியும், உள்ள ஆழமா போயிருக்கும், சேவல் காலுக்குப் பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிற முள்ளு எங்கெங்கயோ பட்டுட்டு வந்தது, அதனால ஓடுற தண்ணியில சோப்பு போட்டு நல்லா கழுவி, டெட்டனஸ் ஊசி எப்போ போட்டோம்னு பாத்து டாக்டர்கிட்ட காட்டிடுங்க. மூட்டுகிட்டயோ கண்ணுகிட்டயோ பட்டிருந்தா, இல்ல அடுத்த நாள் சிவந்து வீங்குச்சுன்னா, தள்ளிப்போடவே கூடாது.

படி 3: பாயுற அந்த நிமிஷம்

ரெண்டே ரெண்டு விஷயம் பண்ணக்கூடாது. ஓடக்கூடாது, உதைக்கக்கூடாது. ஓடுனா அது ஜெயிச்சிருச்சு, அடுத்த தடவை இன்னும் தூரத்துல இருந்தே வரும். உதைச்சா நீங்க சண்டைக்கு ஒத்துக்கிட்டீங்கன்னு அர்த்தம், எதிரி அடிச்சா திருப்பி அடிக்கிறதுக்குன்னே பொறந்த ஜீவன் அது, நீங்க ஒரு உதை விட்டா அது நாலு பாய்ச்சல் பாயும், இடையில அதோட கால் எலும்போ நெஞ்செலும்போ உடைஞ்சு வைக்கும்.

அதுக்குப் பதிலா அகலமா ஏதாவது ஒண்ணு கையில இருக்கட்டும். குப்பைத்தொட்டி மூடி, பெரிய தட்டு, அட்டைப்பெட்டியோட ஒரு பக்கம், எதுவா இருந்தாலும் சரி, வேலை என்னன்னா அடிக்கிறது இல்ல மறைக்கிறது. சேவல் பாஞ்சா அந்த மூடிய காலுக்கு முன்னாடி வச்சு அசையாம நில்லுங்க, அது மூடிய அடிச்சுட்டு விழும், திரும்ப அடிக்கும், நீங்க நின்ன இடத்துலயே நிக்கிறீங்க. ரெண்டு மூணு தடவை அடிச்சு ஒண்ணும் நடக்கலன்னா கொஞ்சம் குழம்பி நிக்கும். அப்போ மெதுவா ஒரு அடி முன்னாடி வைங்க, அது பின்னாடி போற வரைக்கும் இன்னொரு அடி. அது தலையத் திருப்பிக்கிட்டு வேற பக்கம் போச்சுன்னா, இல்ல தரையில நெசமாவே மேய ஆரம்பிச்சுதுன்னா, அங்க நிறுத்திடணும். இந்த நிறுத்துறதுதான் முக்கியம். விலகிப்போனா தொல்லை விட்டுச்சுன்னு அதுக்குப் புரியணும், விலகுனப்புறமும் நீங்க துரத்திக்கிட்டே போனா எதுக்கு விலகணும்னு அதுக்குத் தெரியாது.

தலைய அமுக்கி தரையோட பிடிச்சு வைக்கிறது, கால்ல பிடிச்சுத் தலைகீழா தொங்கவிடுறதுன்னு நிறைய பேரு சொல்லுவாங்க. தொங்கவிடுறதை நான் ஒத்துக்கவே மாட்டேன். கோழிக்கு நம்மள மாதிரி உதரவிதானம் கிடையாது, தலைகீழா போனா குடலும் ஈரலும் மூச்சுப் பையை அழுத்தும், இரைப்பை நிறைஞ்சிருந்தா உள்ள இருக்கிறது வாய்க்கு வந்து புரையேறும். சத்தமில்லாம அமைதியா இருக்கேன்னு நீங்க நினைப்பீங்க, அது மூச்சுக்குத் திணறிட்டு இருக்கும். கையில தூக்கி கக்கத்துல இடுக்கிக்கிட்டு நடக்கிறது வேற விஷயம், பயத்துல அடிக்கிற சேவலுக்கு அது கொஞ்சம் வேலை செய்யும், ஆனா ஓடிப்பிடிச்சுத் தூக்காதீங்க, அந்த ஓட்டமே இன்னொரு சண்டையாயிடும். இருட்டினப்புறம் கட்டையில உக்காந்திருக்கும்போது தூக்குங்க, கோழிக்கு இருட்டுல கண்ணு சரியா தெரியாது, ரெண்டு இறக்கையையும் உடம்போட சேத்து அணைச்சு எடுத்தா சத்தமே போடாது.

படி 4: தினசரி வேலை

இது போர் அடிக்கிற பகுதி, ஆனா மாற்றம் வர்றது இதுலதான். தினமும் கொஞ்ச நேரம் கூட்டத்துக்குள்ள சும்மா நடந்துட்டு வாங்க, சேவல் அங்க இல்லவே இல்லன்னு நினைச்சுக்கிட்டு நடங்க, அதையே முறைச்சுப் பாக்காதீங்க, அதுக்கு நேரா வேகமா போகாதீங்க, ஆனா அது நிக்கிற இடம் உங்க வழியில இருந்தா நீங்க சுத்திப் போகவும் கூடாது, அதுதான் நகரணும். கிட்ட வந்து இறக்கைய உரச ஆரம்பிச்சா மேல சொன்ன மாதிரி ஒரு அடி முன்னாடி, விலகுனா நிறுத்தம். அமைதியா தள்ளி நின்னுச்சுன்னா கொஞ்சம் தானியத்தை அது நிக்கிற பக்கமா வீசிட்டு வந்துடுங்க. கையில வச்சு ஊட்டாதீங்க. பாய்ஞ்ச உடனே சமாதானப்படுத்த தீனி போடுறது அதைவிட மோசம், பாய்ஞ்சா தீனி வரும்னு கத்துக்கும்.

சின்னச் சின்ன விஷயம் நிறைய இருக்கு. சில சேவலுக்கு ஒரு குறிப்பிட்ட பூட்ஸைக் கண்டாலே ஆகாது, சிலதுக்கு புடவைத் தலைப்பு, லுங்கி மாதிரி காத்துல ஆடுற துணி ஆகாது, சிலதுக்கு பக்கெட். எதைப் பாத்து பாயுதுன்னு கவனிச்சு அதை மாத்திப்பாருங்க, பாதி பிரச்சனை அங்கயே முடியும். அதோட கண்ணு முன்னாடி பெட்டைய பிடிக்காதீங்க, மருந்து குடுக்கணும், நகம் வெட்டணும்னா ராத்திரி பண்ணுங்க. வீட்டுல எல்லாரும் ஒரே மாதிரி நடந்துக்கணும், நீங்க நின்னு சமாளிக்கிறீங்க, இன்னொருத்தர் அலறிக்கிட்டு ஓடுறாருன்னா சேவல் உங்களை விட்டுட்டு அவரை மட்டும் அடிக்கும். அவர் பூட்ஸைப் போட்டுக்கிட்டு உங்க கூட சேர்ந்து நடந்து பழகட்டும், இல்லன்னா உள்ளயே போகாம இருக்கட்டும்.

படி 5: கூட்டத்தையும் கூட்டையும் சரி பண்ணுங்க

பல இடத்துல தப்பு சேவல்கிட்ட இல்ல, கணக்குல. ஒரு சேவலுக்கு 8ல இருந்து 10 பெட்டை இருக்கணும்னு பொதுவா சொல்லுவாங்க, கனமான மந்தமான இனம்னா கொஞ்சம் கம்மியா இருந்தாலும் ஓடும், லெகார்ன் மாதிரி துறுதுறு இனத்துக்கு இன்னும் கூடத் தேவைப்படும். மூணு பெட்டைக்கு ஒரு சேவல்னு வச்சா பெட்டைங்க முதுகு இறகெல்லாம் போய் தோல் தெரியும், ஓடி ஒளிஞ்சுக்கிட்டே இருக்கும், சேவல் எந்நேரமும் முறுக்கிக்கிட்டே திரியும். முதுகு ரணமாயிருந்தா துணியில தைச்ச முதுகு உறை ஒண்ணு போட்டுவிடலாம், ஆனா கணக்கை சரி பண்ணாம உறை மட்டும் போட்டா பிரயோஜனம் இல்ல.

ரெண்டு மூணு சேவல் சேந்து இருந்தா யாரு பெரியவன்னு கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: விடியக்காலம் காது குடுத்து கேளுங்க. ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் 2015ல வெளியிட்டாங்க, கூட்டத்துல மேல இருக்கிற சேவல்தான் மொதல்ல கூவும், மத்ததெல்லாம் வரிசைப்படி அதுக்குப் பின்னாடி. நாலாவதா கூவிட்டிருந்தது திடீர்னு முந்திக்கிட்டு கூவுச்சுன்னா வரிசையில ஏதோ மாறிட்டு இருக்குன்னு வச்சுக்கலாம், அந்த வாரம் கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க.

இடம் நெருக்கடியா இருந்தா எல்லாத்துக்கும் கோவம் வரும். முட்டை எடுக்கிற பெட்டிக்கு வெளிய இருந்தே திறக்கிற மாதிரி கதவு வச்சுட்டா நீங்க உள்ள போற வேலையே பாதியாயிடும், இந்த ஒரு மாற்றத்துக்கு நான் நூறு மார்க் குடுப்பேன். தீனியும் தண்ணியும் ரெண்டு மூணு இடத்துல வைங்க. நடுவுல பலகை, கிளை, தட்டின்னு ஏதாவது மறைப்பு வைங்க, ஒருத்தர் கண்ணுல இருந்து இன்னொருத்தர் தப்பிக்க முடிஞ்சா பாதி சண்டை நடக்காது.

படி 6: முள்ளு

காலுக்குப் பின்னாடி இருக்கிற முள்ளு உள்ள எலும்பு, வெளிய நகம் மாதிரி ஒரு உறை. வயசு கூடக்கூட நீளும் கூராகும். அதை மழுக்குனா சேவல் சாதுவாகாது, ஆனா அடிச்சா காயம் கம்மியாகும், பெட்டைங்க விலாவும் கிழியாது. ராத்திரி ஒருத்தர் துணியில சுத்திப் பிடிச்சுக்க, இன்னொருத்தர் நுனிய மட்டும் நாய் நகம் வெட்டுற கட்டரால கொஞ்சம் கொஞ்சமா எடுத்து அரம் போட்டு உருட்டி விடுங்க. ஆழமா போனா உள்ள ரத்தம் ஓடுற பகுதி வரும், வலிக்கும், ரத்தம் நிக்காது. அதனால கடைசி கால்வாசிக்கு மேல ஆசைப்படாதீங்க, பக்கத்துல சோளமாவு வச்சுக்கங்க, ரத்தம் வந்தா அமுக்கி வைக்கலாம். சூடான உருளைக்கிழங்கைக் குத்தி வச்சு உறைய கழட்டுறது, திருகி எடுக்கிறதெல்லாம் வேண்டாம், உள்ள இருக்கிற பச்சைப் பகுதி திறந்துபோயிடும், கால் தோலும் வெந்துபோகும்.

படி 7: கெடு

இத்தனையும் ஒழுங்கா பண்ணி நாலுல இருந்து ஆறு வாரம் குடுங்க. பாயுறது குறைஞ்சு, தூரத்துல நின்னு முறைக்கிறதோட நின்னுடுச்சுன்னா தொடருங்க, பகல் நீளுற காலத்துல மறுபடி கொஞ்சம் துளிர்க்கும், அப்போ திரும்ப மூடியோட போங்க. ஒரு வயசுக்கு மேல ஆகியும், முதுகைத் திருப்புனா அடிக்கிற பழக்கம் அப்படியே இருந்தா, அது மாறும்னு நம்பி வருஷக்கணக்கா காத்திருக்காதீங்க.

மிச்சம் இருக்கிற வழி மூணு. ஒண்ணு, பெட்டைங்க கண்ணுக்குத் தெரியாத இடத்துல சேவல்களை மட்டும் தனியா வைக்கிறது, பெட்டை இல்லன்னா சேவல்கள் ஆச்சரியமா ஒத்துமையா இருக்கும், மனுஷன் மேல பாயுறதும் பலதுக்கு குறையும். ரெண்டு, வேற ஆளுக்குக் குடுக்கிறது. அப்போ அது ஆளை அடிக்கும்னு சொல்லிக் குடுக்கணும், சொல்லாம தள்ளிவிட்டா நாளைக்கு வேற யாரோ வீட்டுக் குழந்தை அடிவாங்கும். மூணு, அறுக்கிறது. வலியில்லாம, பழகுன கை செய்யட்டும், இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. காயடிக்கலாமான்னு சிலர் கேப்பாங்க. கோழிக்கு விதை வயித்துக்குள்ள சிறுநீரகத்துகிட்ட இருக்கு, ஆடு மாடு மாதிரி வெளிய இல்ல, விலாவைத் திறந்துதான் எடுக்கணும், வீட்டுல பண்ற வேலை அது இல்லவே இல்ல.

எந்த வழிய எடுத்தாலும் அந்தச் சேவல்கிட்ட இருந்து குஞ்சு எடுக்காதீங்க. இதுக்கான காரணம் அடுத்த பகுதியில இருக்கு.

படி 8: அடுத்த சேவல், மொதல்ல இனம்

குணம் ரத்தத்துல வருதாங்கிறதுக்கு நல்ல உதாரணம் ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல பர்டியூ பல்கலைக்கழகத்துல வில்லியம் மூயர் முட்டைக்கோழிகளை வச்சு ஒரு வேலை பண்ணாரு, 1996ல வெளியாச்சு. ஒரே கூண்டுல பல பெட்டைங்க இருந்தா ஒண்ணையொண்ணு கொத்தியே நிறைய சாகும், அதனால தனித்தனியா நல்லா முட்டை போடுற கோழிய எடுக்காம, எந்தக் கூண்டு மொத்தமா நல்லா வாழ்ந்துச்சோ அந்தக் கூண்டுலயிருந்து அடுத்த தலைமுறைய எடுத்தாரு. வருஷத்துக்கு 68 சதவீதமா இருந்த சாவு, நாலு தலைமுறைக்குள்ள 9 சதவீதத்துக்குக் கீழ வந்துச்சு. அது பெட்டைங்க, கூண்டு, நம்ம பிரச்சனை சேவல்தான், இருந்தாலும் சண்டைக்குணம் எவ்வளவு வேகமா தேர்வுல மாறும்னு இதுல தெரியுது.

இப்போ பேரு. கொச்சின் 1840கள்ல சீனாவுல இருந்து இங்கிலாந்துக்குப் போன இனம், பெரிய உருண்டையான உடம்பு, கால் விரல் வரைக்கும் இறகு, சேவல் அஞ்சு கிலோகிட்ட வரும், ஓடுறதுக்கே சோம்பல்படும். பிரம்மா அதோட அளவுதான், அதுவும் நிதானம். ஆர்பிங்டன் இங்கிலாந்துல கென்ட் பக்கம் ஆர்பிங்டன்ங்கிற இடத்துல வில்லியம் குக் 1886ல உருவாக்குனது, முட்டையும் உண்டு கறியும் உண்டு, பொதுவா சாது, மொதத் தடவை சேவல் வைக்கிறவங்களுக்கு என்னோட முதல் சாய்ஸ் இதுதான். இதுல இருந்து ஆஸ்திரேலியாவுல பிரிஞ்சு வந்த ஆஸ்ட்ராலார்ப் முட்டையில இன்னும் கெட்டி, குணமும் பெரும்பாலும் அமைதி. ஃபேவரோல் பிரான்ஸ் இனம், தாடி வச்ச முகம், காலுக்கு அஞ்சு விரல், சேவல்கூட அவ்வளவு மரியாதையா இருக்கும், சொல்லப்போனா மத்த இனத்தோட சேத்து விட்டா அதுதான் அடிவாங்கும். சில்கி பஞ்சு மாதிரி இறகு, கருப்புத் தோல், இதுக்கும் அஞ்சு விரல், சின்ன உடம்பு, பறக்காது, பெட்டை அடிக்கடி அடைகாக்க உக்காந்துடும்.

ஆனா சாதுவா இருக்குன்னு மட்டும் பாத்து எடுத்துடாதீங்க. கொச்சின், பிரம்மா, ஆர்பிங்டன் மூணுக்கும் இறகு அடர்த்தி, வெயில் அதிகமான இடத்துல மூச்சிரைக்கும், நல்ல நிழலும் குளுந்த தண்ணியும் இல்லாம வைக்கவே கூடாது. கால்ல இறகு இருக்கிற இனத்துக்கு சேறு ஆகாது, செதில்கால் செள்ளு வந்தாலும் இறகுக்குள்ள தெரியாம மறைஞ்சிருக்கும். சில்கிக்கு தலைக்கொத்து கண்ணை மறைச்சிடும், மேல இருந்து வர்ற பருந்தை அது பாக்கவே பாக்காது, இறகுல தண்ணி ஒட்டிக்கிட்டு மழையில நனைஞ்சா விறைச்சுப்போகும். காவலுக்கு சேவல் வேணும்னா சில்கி தப்பான ஆள்.

மறுபக்கம், ரோட் ஐலண்ட் ரெட் சேவலைப் பத்தி கோழி வளக்கிறவங்ககிட்ட கேட்டா பாதிப்பேரு கால் தழும்பைக் காட்டுவாங்க. லெகார்ன் சண்டைக்காரன்னு சொல்றதைவிட பதட்டக்காரன்னு சொல்லலாம். சின்ன உருவம்னு நம்பி பேன்டம் சேவல் எடுக்கிறவங்க ஏமாறுவாங்க, பல பேன்டம் சேவலுக்கு உடம்புதான் சின்னது, அடி முழங்காலுக்குக் கீழயே நிக்கும்ங்கிறது ஒரே ஆறுதல்.

சண்டை இனங்களைப் பத்தி ஒரு ஆச்சரியம் இருக்கு. அசில், ஷாமோ, மலாய் இதெல்லாம் இன்னொரு சேவலைப் பாத்தா விடாது, ஆனா மனுஷன் கையில பூனை மாதிரி இருக்கிறது நிறைய உண்டு, தலைமுறை தலைமுறையா மனுஷன் கையில எடுத்துப் பழக்குன இனம், ஆளை அடிக்கிற சேவலை யாரும் வச்சிருந்திருக்க மாட்டாங்க. கனடாவுல 2000ஆம் ஆண்டுவாக்குல நடந்த ஆராய்ச்சியில இன்னொண்ணும் தெரிஞ்சது, பெட்டைங்ககிட்ட ரொம்ப முரட்டுத்தனமா நடந்தது சண்டை இனச் சேவல் இல்ல, பிராய்லர் தாய்க்கோழிப் பண்ணைக்கு வளக்கிற சேவல்தான். ஆக சேவலோட சண்டை, பெட்டைகிட்ட முரடு, மனுஷனை அடிக்கிறது, இந்த மூணும் வேற வேற குணம். "இது சாதுவான இனமா"ன்னு கேக்காம "யார்கிட்ட சாது"ன்னு கேளுங்க.

படி 9: இனத்தை விட முக்கியம், அந்தக் குடும்பம்

ஒரே ஆர்பிங்டன்ல ஒரு பண்ணைச் சேவல் மடியில தூங்கும், இன்னொரு பண்ணைச் சேவல் கேட்டைத் தாண்ட விடாது. வளக்கிறவர் குணத்தைப் பாத்து கழிச்சிருக்காரா, இல்ல கலரையும் கொண்டையையும் மட்டும் பாத்தாரான்னு அங்கதான் வித்தியாசம். அதனால போய்ப் பாருங்க. குஞ்சோட அப்பனைக் காட்டச் சொல்லுங்க, ஒரு வயசாவது ஆனதா இருக்கணும், நாலு மாசச் சேவலைக் காட்டி சாதுன்னா அதுக்கு அர்த்தமே இல்ல. விக்கிறவர் அந்தக் கூட்டுக்குள்ள எப்படி நடக்கிறாருன்னு பாருங்க, கையில குச்சி இல்லாம முதுகைத் திருப்பிக்கிட்டு குனிஞ்சு தீனி போடுறாரா, அதுதான் சர்டிஃபிகேட். நீங்களும் உள்ள போங்க, அவரை ஒரு பெட்டையத் தூக்கச் சொல்லுங்க, சேவல் சத்தம் போட்டு கிட்ட வந்து பாத்தா நல்லது, பாய்ஞ்சா வேண்டாம். பெட்டைங்க முதுகு இறகையும் ஒரு பார்வை பாருங்க.

நல்ல சேவல் எப்படி இருக்கும்னா, தீனியப் பாத்தா தான் தின்னாம கொக் கொக்னு கூப்பிட்டு பெட்டைங்களுக்குக் காட்டும். மேல பருந்து வந்தா ஒரு சத்தம், தரையில நாய் வந்தா வேற சத்தம், ரெண்டும் வேறன்னு பெட்டைங்களுக்கும் தெரியும். மனுஷன் வந்தா ரெண்டடி தள்ளி நின்னு பாக்கும். கிட்ட வந்து கொஞ்சாது, ஓடி ஒளியவும் செய்யாது.

முடிஞ்சா ஒரு வயசு தாண்டின சேவலாவே வாங்குங்க, குணம் அதுல தெரிஞ்சு போயிருக்கும். குஞ்சா எடுத்தா ஒண்ணு எடுக்காம மூணு நாலு எடுத்து, வாலிப வேகம் வந்துபோற வரைக்கும் வச்சுப் பாத்து ஒண்ணை நிறுத்துங்க. கூட்டத்துல உங்க கைக்கு மொதல்ல ஓடி வந்து ஏறுற ஆண்குஞ்சைத்தான் எல்லாருக்கும் பிடிக்கும், அதை எடுக்காதீங்க, பயமே இல்லாம வளர்றதுதான் பின்னாடி உங்க மேல ஏறப்பாக்கும். தனியா, மனுஷன் கூட மட்டுமே வளக்கவும் கூடாது. வயசான பெட்டைங்க கூட வளரட்டும், மரியாதை இல்லாம மிதிக்கப்போனா அதுங்களே கொத்தி ஒழுங்கு கத்துக்குடுக்கும், அந்தப் பாடத்தை நம்மளால சொல்லித்தர முடியாது. கையால சண்டை விளையாட்டு காட்டாதீங்க, இத்தணூண்டு இருக்கும்போது விரலைக் கொத்துறது அழகா இருக்கும், அதே பழக்கம்தான் பின்னாடி முள்ளோட வரும்.

புதுசா வந்த சேவலை நேரா கூட்டத்துல விடாதீங்க. ரெண்டுல இருந்து நாலு வாரம் தனியா, தள்ளி வச்சு இருமல், மூக்கு ஒழுகல், கழிச்சல், பேன் எல்லாம் பாருங்க, பழைய கோழிக்குத் தீனி போட்டுட்டு கடைசியா அதுகிட்ட போங்க, அங்க போட்ட செருப்போட இங்க வராதீங்க. அப்புறம் சில நாள் வலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமா பாத்துப் பழகட்டும், அப்புறம் சாயங்காலம் இருட்டினதும் கட்டையில ஏத்திவிடுங்க. விடிஞ்சதும் நீங்க அங்க இருக்கணும், மொத ஒரு மணி நேரம் கொஞ்சம் துரத்தல் இருக்கும், ரத்தம் வராத வரைக்கும் கை வைக்காதீங்க. குஞ்சு எடுக்க ஆரம்பிச்சதும் ஒவ்வொண்ணு கால்லயும் கலர் வளையம் போட்டு எது எந்தச் சேவல் வாரிசுன்னு ஒரு நோட்டுல எழுதிடுங்க, ஒரு வருஷம் கழிச்சு எந்தக் குஞ்சாவது ஆளை அடிக்க ஆரம்பிச்சா யாரு வழியா வந்துச்சுன்னு அந்த நோட்டைப் பாத்து அந்த வழியில குஞ்சு எடுக்கிறதை நிறுத்திக்கலாம்.